சிப்பாய்க்கு வைத்த மச்சம்

புதுச்சேரி,
9-3-1957

அன்புள்ள அத்தானுக்கு,

விரலில் ஒட்டிய வர்ணம் இன்னும் போகவில்லை. தாளில் கறை பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் பாசி பிடித்து நின்ற சிமெண்டுச் சிப்பாய்க்கு நேற்று வர்ணம் அடித்தேன். பிரஷ் பிடித்தது இதுதான் முதல் தடவை. சட்டைக்கு அடித்தது, நம் ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீலம். முகம்தான் சரியாக வரவில்லை. உங்களை நினைத்துக்கொண்டு மீசையை முறுக்கிவிட்டேன், இடது கன்னத்தில் மச்சமும் வைத்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தோடு அல்ஜீரியச் சண்டைக்குப் போன நீங்களே திரும்பி வந்து நிற்பது போல இருந்தது.

இன்று காலை பக்கத்து வீட்டுத் தனக்கொடி அக்கா எட்டிப் பார்த்தாள். ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

"அய்யோ தங்கச்சி, எப்ப சேதி வந்துச்சி? எங்கிட்டகூட சொல்லலியே!"

தலையிலிருந்த பூவை எடுத்துச் சிலையின் காலடியில் வைத்தாள்.

செத்தவர்களுக்குத்தானே நம் பக்கத்தில் சிலை வைப்பார்கள்! அது எனக்கு ஏன் உறைக்கவில்லை? "அவரு நல்லாத்தான் இருக்காரு!" என்று கத்தி அவளை அனுப்பிவிட்டு, மச்சத்தைச் சுரண்டி எடுத்தேன்.

முந்தாநாள் பிரெஞ்சு சர்க்கார் முத்திரையோடு ஒரு கவர் வந்தது. உங்கள் கையெழுத்து இல்லை, அதனால் பிரிக்கவில்லை. நலம் என்று நீங்கள் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்தக் கவரைத் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

நெற்றிப் பொட்டுடன்,
உங்கள் மனைவி