அடுப்பு மூட்டாத சம்பந்தி

1958 மார்ச் 25, செவ்வாய்

பஞ்சாயத்துக் கூட்டச் செய்தியைப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்த்துவிட்டு வீடு வந்தேன். மனைவி ஆவுடையம்மாள் முகம் சரியில்லை. குத்துக்கல்வலசைச் சங்கரம்மாள் வந்து போனாளாம்.

"நம்ம மக குழல்வாய்மொழிக்குப் பேசியிருக்க மாப்பிள்ளை வீட்டாரு, வருசா வருசம் பங்குனி உத்திரத்துக்கு நம்ம சாஸ்தா கோயிலுக்குத்தான் வருதாவளாம். அவுகளுக்கும் அதே குலசாமின்னா பங்காளில்லா? அண்ணன் தங்கச்சி முறைல்லா வரும்?" என்றாள் ஆவுடையம்மாள்.

பெண் பார்க்க வந்தபோது நானே கேட்டேன். தன் குலசாமி பாபநாசத்து மலையில் என்றுதான் மாப்பிள்ளையின் அப்பா, பாவூர்சத்திரத்துச் சிவனணைந்தபெருமாள் சொன்னார்.

மார்ச் 27, வியாழன்

கல்யாணம் வைகாசியில். மகளிடம் சொல்லவில்லை. நம்பிராஜன் என்று மாப்பிள்ளை பெயரைச் சொன்னாலே அடுக்களைக்குள் ஓடுகிறாள்.

சம்பந்தியையே கேட்டுவிடலாமா? கேட்டால், பொய் சொன்னீரா என்று கேட்டதாகும். உத்திரத்தன்று கோயிலில் நேரில் பார்ப்பதே சரி. எங்கள் கோயிலில் பொங்கலுக்கு அடுப்பு மூட்டுவது பங்காளிகள் மட்டும். அவர்களும் மூட்டினால் — கல்யாணம் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

குற்றாலத்தில் அருவி நூலாக விழுகிறது. செய்தி அனுப்பினேன். மனம் அதில் இல்லை.

ஏப்ரல் 3, வியாழன். பங்குனி உத்திரம்

ஐந்தருவிக்குக் கீழே தோப்பில் எங்கள் வகையறாவின் அடுப்புகள் வரிசையாக எரிந்தன. ஆவுடையம்மாள் பச்சரிசியும் பாசிப்பருப்பும் களைந்து உலையில் இட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் மாட்டு வண்டியில் வந்தார்கள். முதலில் பித்தளை அண்டா இறங்கியது. பிறகு வெல்லம். அடுத்து விறகுதான் என்று நினைத்தேன். எலுமிச்சம்பழக் கூடை இறங்கியது. அண்டாவில் தண்ணீர் ஊற்றி வெல்லத்தைக் கரைத்தார்கள். சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டார்கள்.

பானகம்!

"என்ன சம்பந்தி, பேப்பர்காரர் கண்ணு நம்ம அண்டாவ விட்டு நகர மாட்டேங்கு?" என்றார் சிவனணைந்தபெருமாள்.

இதுதான் உங்கள் குலசாமியா என்று கேட்டேவிட்டேன். வண்டி மாடு மிரளும்படி சிரித்தார்.

"நம்பிராஜனுக்குச் சின்னதுல அம்மை கண்டுச்சு. பிழைச்சா இந்தச் சாஸ்தாவுக்கு வருசந்தோறும் பானகம் ஊத்துதேன்னு எங்க அம்மா நேந்துக்கிட்டா. எங்க சாமிக்கு அங்கன பாபநாசத்துல அண்ணன் பொங்கல் வைக்காரு. இங்கன அடுப்பு மூட்ட நாங்க யாரு?"

அதுவரை அவர்களையே பார்த்திருந்ததில் ஆவுடையம்மாளின் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. சம்பந்தி அதையும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 4

நன்றாகத் தூங்கினேன்.

1959 மார்ச் 24, செவ்வாய். பங்குனி உத்திரம்

தோப்பில் குழல்வாய்மொழி பழக்கத்தில் எங்கள் பொங்கல் பானைக்குக் கரண்டி போட வந்தாள்.

"ஏட்டி, கைய எடு. நீ இப்பம் அண்டா வீட்டுக்காரி" என்றாள் ஆவுடையம்மாள்.

"சரி, அப்பம் பானகம் கேட்டு யாரும் வராதிய" என்று சொல்லிவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் எனக்கு மட்டும் ஒரு தம்ளர் கொண்டுவந்தாள். அவளே கரைத்ததாம்.

சுக்கு கொஞ்சம் தூக்கல். இன்னொரு தம்ளர் கேட்டேன்.