மேலே போன், கீழே லேத்து

ஜூன் 7, 2021 – திங்கள்

முதல் நாள். விடிந்ததும் குளித்து, நல்ல சுடிதார் போட்டு, பவுடர்கூட அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பார்க்கப்போவது யார்? எதிர்ச்சுவர்தான். கேமராவைப் போடச் சொல்லவே இல்லை.

சென்னைக் கம்பெனி. உடம்புக்கு முடியாதவர்கள் போன் செய்வார்கள். விவரம் கேட்டு, டாக்டர் பேசும் நேரத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷம் கல்யாண மண்டபத்தில் போன் எடுத்து முகூர்த்தத் தேதி கொடுத்துக்கொண்டிருந்தேன். கொரோனா வந்து மண்டபத்தைப் பூட்டினார்கள், நானும் வீட்டோடு ஆனேன். இப்போது லேப்டாப்பும் ஹெட்போனும் கூரியரில் வந்திருக்கின்றன. ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் ஒரு வேலையில் சேர்ந்தாயிற்று!

டீம் லீடர் பெயர் பிரத்யுஷா. குரலை வைத்துப் பார்த்தால் என்னைவிட ரொம்பச் சின்னவள். மேடம் எல்லாம் வேண்டாம், பேர் சொல்லியே கூப்பிடுங்கள் என்றாள். "சரிங்க பிரத்யுஷா" என்றேன். அந்த "ங்க"வையும் விடச் சொன்னால் என்னால் ஆகாது.

ஜூலை கடைசி வரை பார்ப்பார்களாம். பிடித்திருந்தால்தான் நிரந்தரம். என் வீட்டுக்காரர் ஆல்வின் வேலை செய்யும், இரும்பு கடையும் லேத்துப் பட்டறை எங்கள் வீட்டுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. மே மாதம் பூட்டியது, இன்னும் திறக்கவில்லை. இப்போதைக்குச் சம்பளம் வாங்கப்போகிறவள் நான் ஒருத்திதான். கர்த்தாவே, அவர்களுக்கு என்னைப் பிடிக்கட்டும்.

ஜூன் 8

மானம் போயிற்று. ஒரு காய்ச்சல்காரருக்கு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு, மண்டபத்து வாய்ப்பழக்கத்தில் "அவசியம் குடும்பத்தோட வந்துருங்க" என்று சொல்லித் தொலைத்தேன். பாவம், அவரும் "சரிங்க" என்றார்.

ஜூன் 17 – வியாழன்

பிரத்யுஷா என் அழைப்புகளைக் கேட்டிருக்கிறாள். நான் பேசினால் நோயாளிகள் பயப்படாமல் பதில் சொல்கிறார்களாம். பாராட்டுத்தான். வெளியே காட்டிக்கொள்ளாமல் "சரிங்க, சரிங்க" என்றேன். போனை வைத்ததும் சமையல்கட்டுக்கு ஓடி ஆல்வினிடம் சொன்னேன்.

சமையல் இப்போது அவர் பொறுப்பு. ரசம் நன்றாகவே வைக்கிறார். ஆனால் மனுஷன் வாடிப்போயிருக்கிறார். நாளைக்கு நாலு தடவை கீழே போய்ப் பூட்டின ஷட்டரைப் பார்த்துவிட்டு வருகிறார். பார்த்தால் திறந்துகொள்ளுமா? சீக்கிரம் பட்டறை திறக்க வேண்டும். தினமும் அதற்குத்தான் ஜெபம் செய்கிறேன்.

ஜூலை 5 – திங்கள்

பட்டறை திறந்துவிட்டது! ஓனர் கோபாலசாமி தேங்காய் உடைத்து ஷட்டரைத் தூக்கினார். பம்பு ஷாஃப்ட் ஆர்டர் வந்திருக்கிறதாம். ஆல்வின் இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். கூட வேலை செய்யும் உவைஸ் தெருவிலிருந்தே அவரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். லேத்து சுற்றத் தொடங்கியதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜூலை 6 – செவ்வாய்

"அன்பு, பின்னாடி என்ன அவ்வளவு சத்தம்?" என்று பிரத்யுஷா கேட்டாள்.

"எந்தச் சத்தமுங்க?"

சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை. பிரத்யுஷா பதிவைப் போட்டுக் காட்டினாள். ஐயோ! இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர் கத்துகிறது, வெட்டும் மிஷின் அலறுகிறது, நடுவில் என் குரல் முனகுகிறது. ஒருவர் "நீங்க ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து பேசறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அதுகூட என் காதில் விழவில்லை.

இண்டர்வியூவில் வீடு அமைதியாக இருக்குமா என்று கேட்டார்கள். ஊசி விழுந்தால் கேட்கும் என்றேன். பொய் சொல்லவில்லையே! அன்றைக்கு ஊரடங்கு, எங்கள் கணபதி ஏரியா முழுக்க ஒரு மிஷின் ஓடவில்லை. பிறந்ததிலிருந்து இந்தச் சத்தத்திலேயே கிடந்தவளுக்கு, அது நின்றிருந்ததும் உறைக்கவில்லை, திரும்பி வந்ததும் உறைக்கவில்லை. என்ன மூளையோ.

ஜூலை 8 – வியாழன்

பாத்ரூமில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன், எதிரொலிக்கிறது. ஜன்னலைச் சாத்தி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசினேன். வேர்த்து ஊற்றி ஹெட்போன் வழுக்கியது. சத்தம் மட்டும் குறையவில்லை.

பிரத்யுஷா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கம்பெனியில் மேலே இருப்பவர்கள் பதிவைக் கேட்பார்கள், இப்படியே போனால் மாதக் கடைசியில் உங்கள் பேரை என்னால் எழுதிக் கொடுக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் சண்டை. ஓனரிடம் சொல்லிப் பார்க்கட்டுமா என்று ஆல்வின் கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ.

"ரெண்டு மாசங் கழிச்சு இப்பத்தான் ஆர்டரே வந்திருக்குது. மிஷினை நிறுத்துங்கன்னு சொன்னா, உங்களையும் சேத்தி நிறுத்திப்போடுவாரு!"

"அப்ப உன் வேலை?"

"அதை உங்க கிரைண்டரைக் கேளுங்க."

தட்டில் கைகழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அவரிடம் ஏன் கத்தினேன்? இது திறக்க வேண்டும் என்று ஒரு மாதமாக வேண்டிக்கொண்டவள் நான்தானே? அவர் மிஷின் ஓடினால் என் வேலை போகும். என் வேலை நிலைக்க வேண்டுமென்றால் அவர் மிஷின் நிற்க வேண்டும். என்ன கணக்கு இது ஆண்டவரே.

ஜூலை 12 – திங்கள்

நேற்று போனில் ஆராதனை முடிந்ததும் ஆல்வின் ஒயர் சுருளோடு வந்தார். என் மேஜையில் ஒரு சுவிட்ச் வைத்தார், ஒயரை ஜன்னல் வழியாகக் கீழே இறக்கினார், பட்டறைச் சுவரில் ஒரு சிவப்பு பல்பை மாட்டினார். போன் வந்தால் நான் சுவிட்சைப் போட வேண்டும். பல்பு எரிகிற வரைக்கும் யாரும் கிரைண்டரைத் தொட மாட்டார்கள். இரும்பு வெட்டுவதையெல்லாம் நான் உட்காருவதற்கு முன்னாலேயே, விடியற்காலையில் முடித்துவிடுவார்களாம். லேத்து ஓடும், அது ஜன்னலைச் சாத்தினால் அவ்வளவாகத் தெரியாது.

"ஓனரு ஒத்துக்கிட்டாருங்களா?" என்று கேட்டேன்.

"ஆர்டர் தள்ளிப்போகக் கூடாதுன்னாரு. தள்ளாதுன்னு உவைஸ் சொல்லிப்போட்டான். அவனும் வெடிகாலையிலயே வாரேங்கறான்."

நான் கேட்காமலே செய்திருக்கிறார்கள். உவைசுக்கு நான் ஒரு டீகூட போட்டுக் கொடுத்ததில்லை.

ஜூலை 14

கிரைண்டர் உடனே அடங்காது, உறுமிக்கொண்டே ஓயும். அதனால் "வணக்கமுங்க" என்பதை நன்றாக இழுத்துச் சொல்கிறேன். நான் பேசுகிற நேரமெல்லாம் கீழே ஆல்வின் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்ற நினைப்பில் வளவளவென்று பேசுவதும் குறைந்துவிட்டது. பிரத்யுஷாவுக்கு ஆச்சரியம், வீடு மாறிவிட்டீர்களா என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். உடனே, அந்த பல்பை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றாள்.

ஜூலை 22 – வியாழன்



மத்தியானம் காரமடையிலிருந்து ஓர் அம்மா. டாக்டர் நேரம் கேட்கத்தான் கூப்பிட்டார். வீட்டுக்காரருக்கு இருமல் என்றார். பின்னால் அவர் மூச்சு விடுவது எனக்கே கேட்டது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மிஷினில் என்ன காட்டுகிறது என்றேன். சொன்னார். ரொம்பக் குறைவு, இது டாக்டருக்குக் காத்திருக்கிற கேஸ் இல்லை. ஆம்புலன்ஸ் வேண்டுமென்று லேப்டாப் சாட்டில் பிரத்யுஷாவுக்கு எழுதினேன், அவள் அந்தப் பக்கம் ஏற்பாடு செய்தாள். அது வருகிற வரைக்கும் அந்த அம்மாவை லைனில் வைத்திருக்கச் சொன்னாள்.

வீட்டில் வேறு ஆள் இல்லை. அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நானும் சத்தமாகத்தான் பேசினேன். "அழுகாதீங்கம்மா, அவரைக் குப்புறப் படுக்க வையுங்க. கதவைத் திறந்து வையுங்க. நான் போனை வைக்க மாட்டனுங்க. இங்கயேதான் இருக்கறேன்." எவ்வளவு நேரமோ தெரியாது. கடைசியில் சைரன் சத்தம் போனில் கேட்டது. அவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், லைன் அறுந்தது.

ஹெட்போனைக் கழற்றிய பிறகுதான் கவனித்தேன். கீழே லேத்துச் சத்தமும் இல்லை. என்னவோ ஆகிவிட்டதென்று படியிறங்கி ஓடினேன். எல்லா மிஷினும் நின்றிருந்தது. பட்டறையில் இருந்த நாலு பேரும் மாஸ்க்கோடு பல்புக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்கள். மெயின் சுவிட்சை இறக்கியது கோபாலசாமியாம். நான் போட்ட சத்தம் சாத்தின ஜன்னலையும் தாண்டிக் கேட்டிருக்கிறது.

"வண்டி வந்துருச்சுங்களா அம்மணி?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

வந்துவிட்டது என்றேன். அங்கேயே நின்று அழுதேன்.

ஜூலை 24 – சனி

தண்ணீர் பிடிக்க இறங்கினால் கேட்கிறார்கள், குப்பை கொட்டப் போனால் கேட்கிறார்கள். "காரமடைக்காரரு எப்படி இருக்காருங்க?" எனக்கும்தான் ராத்திரி தூக்கம் இல்லை. ஆனால் நாங்களாக யாரையும் திருப்பிக் கூப்பிடக் கூடாது, அது கம்பெனி விதி. பிரத்யுஷாவிடம் கேட்டேன். அவளும் விதியைத்தான் சொன்னாள். பிறகு, பார்க்கிறேன் என்றாள்.

ஜூலை 28 – புதன்

காலையில் பிரத்யுஷாவே கூப்பிட்டாள். விசாரித்துவிட்டாளாம். காரமடைக்காரருக்கு ஆக்சிஜன் எடுத்தாயிற்று, தானே எழுந்து நடக்கிறார், இந்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மெயிலில் இன்னொன்று அனுப்பியிருக்கிறேன், அதை அப்புறம் பாருங்கள் என்றாள். "முதல்ல கீழ போய்ச் சொல்லிட்டு வாங்க."

ஓடினேன். அந்த இரைச்சலில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. கையை ஆட்டி ஆட்டி ஒவ்வொரு மிஷினாக நிறுத்த வைத்துச் சொன்னேன். உவைஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு பனியன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கோபாலசாமி "நல்லதுங்க அம்மணி" என்றார். பிறகு, "உங்க வேலை என்னாச்சுங்க?" என்றார்.

அப்போதுதான் மெயில் ஞாபகமே வந்தது. போனில் திறந்தேன். எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிந்தது, ஆல்வினிடம் நீட்டினேன். அவர் ஒருமுறை படித்தார், இன்னொரு முறையும் படித்தார்.

"ஆகஸ்டுலேர்ந்து நிரந்தரமாமுங்க" என்று ஓனரிடம் சொன்னார்.

இன்றைக்கு இதற்குமேல் மிஷினை நிறுத்த முடியாது, போய் வேலையைப் பாருங்கள் என்று கோபாலசாமி எல்லாரையும் விரட்டினார். என்னையும் சேர்த்துத்தான்.

மேலே வந்து பார்த்தால் என் போன் முழுக்க ஆல்வினின் கிரீஸ் கைத்தடம். மற்ற நாளாக இருந்தால் பட்டறையே கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். இப்போது ராத்திரி ஆகிவிட்டது, இன்னும் துடைக்கவில்லை.