ஆடாத கதவு

ஹுத்தான் மெலிந்தாங், 1979

கம்ப்யூட்டர் அறையிலேயே குடியிருக்கும் என் கணவருக்கு,

தோட்டத்து மதகுக்கு நீங்கள் போட்ட கணக்கைக் கம்ப்யூட்டர் அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்தவள் நான். "தண்ணி மோதுனா இரும்புக் கதவு ஆடாதாங்க? கதவு ஆடுனா தண்ணியோட போக்கும் மாறுமே?" என்று அன்றே கேட்டேன்.

"ஆடாதுன்னு வச்சிக்கலாம்லா, கணக்கு சீக்கிரம் முடியும்" என்றீர்கள்.

பாதி திறந்ததுமே கதவு உதறியதாம். உதற உதறத் தண்ணீர் இன்னும் முரண்டு பிடித்து, கடைசியில் அதைப் பிய்த்தெறிந்தது. மதகைத் திறந்துகொண்டிருந்த என் அண்ணனை ஆற்று முகத்துவாரத்தில்தான் கண்டெடுத்தார்கள்.

சிறு பிழை என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிறு பிழையின் படத்துக்குத்தான் அம்மா தினமும் மாலை போடுகிறாள்.

கருமாதிக்கு வரப்போகிறீர்களாமே? வராதீர்கள். இந்த வீட்டுக்கு மருமகனே இல்லை என்று வைத்துக்கொண்டோம். எங்களுக்கும் சீக்கிரம் முடியும்.

இப்படிக்கு,
அன்று கேட்டவள்