நூல் கட்டிய மொட்டு

ஹலாப்பா,
மார்ச் 28, 1978

அன்புத் தோழி காசில்தாவுக்கு எவுலாலியா எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். அங்கே நீ சுகமாக இருப்பது உன் கடிதத்தைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. கொஞ்சம் கூடுதலாகவே சுகமாக இருக்கிறாய் போலிருக்கிறது. என் இடத்துக்கு வந்த உன் மாணவி நெரெய்தா காபி போட்டாள், நெரெய்தா பாம்பைக் குச்சியால் தூக்கி எறிந்தாள், நெரெய்தா ஆற்றைக் கடக்கும்போது பாட்டுப் பாடினாள். இத்தனை நீளக் கடிதத்தில் செடிகளுக்கு ஒரு பக்கம்கூட மிஞ்சவில்லை. நீ மனுஷர்களைப் பற்றி எழுதி நான் பார்த்ததே இல்லை. இருபது வருஷம் உன்னோடு காட்டில் நடந்தவள் நான். என்னைப் பற்றி யாருக்காவது இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறாயாடி?

அந்தப் பச்சைக் கோடு போட்ட தொங்குபடுக்கை என்னுடையது. அவளுக்கு அதைக் கொடுத்திருக்கிறாய், சரி. இளம்பெண், தரையில் படுக்கவைக்க முடியுமா! கால்மாட்டில் ஒரு கிழிசல் உண்டு. அதை அவளிடம் சொல்லாதே. விழுந்தால் விழட்டும்.

என் இடுப்பு எலும்பு ஒட்டிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் காலை ஊன்றினால் அது வேறு சேதி சொல்கிறது. கைத்தடியோடு உலர்செடிக் காப்பகத்துக்குப் போகிறேன், ஜன்னலோரம் உட்கார்ந்து காய்ந்த செடிகளை அட்டையில் வைத்துத் தைக்கிறேன். உன் மூட்டைகள் திங்கட்கிழமை வந்தன. பிளாஸ்டிக்கைப் பிரித்ததும், செடி அழுகாமலிருக்கத் தெளித்த சாராய நெடியும் நனைந்த செய்தித்தாளும் காட்டு மண்ணும் சேர்ந்த அந்த வாசம் குப்பென்று வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து மேசைப் பையன்களிடம் சாராயக் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அப்புறம்தான் கயிற்றைப் பார்த்தேன். உன் முடிச்சும் இல்லை, என் முடிச்சும் இல்லை. இழுத்தால் உடனே அவிழும் ஏதோ ஒரு புது முடிச்சு. அழகாகத்தான் போடுகிறாள். கத்தரியை எடுத்து வெட்டித் தள்ளினேன்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள், வேறு யார் வழியாகவாவது வரும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். லேபிள்கள் அடிக்கும் வேலையையும் இப்போது நான்தான் செய்கிறேன். ‘பறித்தவர்: கா. ஓவாந்தோ, எ. சாராத்தே’ என்று இருபது வருஷமாக இருந்த இடத்தில் இனி ‘கா. ஓவாந்தோ, நெ. பெச்’ என்று அடிக்க வேண்டும். உட்கார்ந்து ஒரு கட்டு முழுக்க அடித்து முடித்துவிட்டேன். இயக்குநர் தோன் இலாரியோ வந்து ஒரு லேபிளை எடுத்துப் பார்த்துவிட்டு, “சென்யோரா, நீங்க இந்த மலைக்கே போகலையே?” என்றார். பார்த்தால் கட்டு முழுவதிலும் என் பெயர். நெரெய்தா பெயர் ஒன்றில்கூட இல்லை. கைப் பழக்கம் என்று சொன்னேன். அவர் நம்பினாரா தெரியாது. கட்டு முழுவதையும் கிழித்துப் போட்டு மறுபடி அடித்தேன். நேரில் போகாதவள் பெயரை லேபிளில் போடுவது நம் தொழிலில் திருட்டுக்குச் சமம் என்று மாணவர்களுக்குக் கத்திக் கத்திச் சொன்னவளே நான்தான்.

வீட்டில் என் தங்கை அம்பாரோ வேறு. நேற்று பீன்ஸ் கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு, “என்னக்கா, புருஷனை எவளோ இழுத்துட்டுப் போன மாதிரி மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?” என்றாள். புருஷன் இருந்தவரைக்கும் அவர் எங்கே போனாலும் எனக்கு இப்படி இருந்ததில்லை என்று நானும் சொல்லிவைத்தேன். அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. உண்மையாகவே வயிறு எரிகிறதடி. சக்களத்தி வந்த வீடு மாதிரி இருக்கிறது காப்பகம்.

இதெல்லாம்கூடப் போகட்டும். ‘நம் மரத்தை’ நெரெய்தாவுக்குக் காட்டிவிட்டதாக எழுதியிருந்தாயே, அந்த இடத்தில்தான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். லாஸ் நியெப்லாஸ் ஊருக்கு மேலே, மேகம் விலகாத அந்தச் சரிவில், வெள்ளி அடிப்புற இலையோடு அதை முதலில் பார்த்தவர்கள் நாம் இருவர். மாக்னோலியா வகை என்று இலையே சொன்னது. ஆனால் உலகத்தில் எந்த மாக்னோலியாவோடும் அது பொருந்தவில்லை. பூ வேண்டும். பூவில்லாமல் புது மரம் என்று எழுதினால் ஊர் சிரிக்கும். எத்தனை முறை ஏறினோம்! ஒருதரம் போனால் ஊசி முனை அளவு மொட்டு, இன்னொருதரம் போனால் வெறும் காம்பு. ஊர்க்காரர்களைக் கேட்டால், “அது மரத்துல பூக்காதும்மா” என்று ஒரே வார்த்தை. பூக்காத மரம் எங்கேயாவது உண்டா என்று நீ அவர்களோடு சண்டைக்குப் போவாய், நான் உன்னை இழுத்துக்கொண்டு வருவேன். முதல் பூவை இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்ப்பது என்று அந்த மரத்தடியில் மத்தி மீன் டப்பாவைத் திறந்துவைத்துச் சத்தியம் செய்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

மழைக்காலத்துக்குள் மரம் வெட்டுகிறவர்கள் அந்தச் சரிவுக்கு வந்துவிடுவார்கள், அதனால் இந்த வருஷத்தை விட்டால் வேறு வருஷம் கிடையாது என்று நீ எழுதியது எனக்குப் புரிகிறது. புது மரம் என்று பெயரிட்டு அச்சில் வந்துவிட்டால் சரிவைக் காப்பாற்றக் கேட்கலாம், பெயரில்லாத மரத்துக்காக யாரிடம் போய் நிற்பது என்பதும் புரிகிறது. புத்திக்கு எல்லாம் புரிகிறது. ஆனாலும் பூ உங்கள் கண்ணில் படக்கூடாது என்று மனசு ஒரு மூலையில் வேண்டிக்கொண்டது. மறைக்க மாட்டேன். இப்படி ஒருத்தியோடுதான் இருபது வருஷம் நட்பாக இருந்திருக்கிறாய்.

காலுறைக்குள் கந்தகத் தூள் போட்டுக்கொள், உண்ணி கடித்தால் உனக்குத் தடித்துவிடும். நான் விழுந்த அந்த வழுக்குக் கட்டையை மிதிக்காமல் சுற்றிப் போ. அவளையும் சுற்றிப் போகச் சொல்.

இப்படிக்கு,
தையல்காரியாகிவிட்ட உன்
எவுலாலியா


ஹலாப்பா,
ஏப்ரல் 30

காசில்தா,

சம்பிரதாயமெல்லாம் பிறகு. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. துக்ஸ்தெபெக் பஸ் டிரைவர் கையில் கொடுத்து, பஸ் நிலையத்துக்கு எதிரே உன் விடுதியில் உன் கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். படித்ததும் உட்காராதே, மேலே ஏறு. மே மூன்றாம் தேதி சிலுவைத் திருநாளுக்கு முன்னால் நீ லாஸ் நியெப்லாஸில் இருக்க வேண்டும்.

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்தது. மரத்தில் கோழி முட்டை அளவுக்கு மொட்டுகளைத் தொலைநோக்கியில் பார்த்தீர்கள், துள்ளிக் குதித்தீர்கள், ஒரு வாரம் கழித்துப் போனால் ஒன்றுகூட இல்லை. நெரெய்தா மரத்தில் ஏறிப் பார்த்தாள். எல்லாக் காம்பும் ஒடிந்திருந்தது. “அணில்தான் தின்னிருக்கும் டீச்சர்” என்றாளாம். அதைப் படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. பூ கிடைக்கவில்லை என்பது ஒரு சந்தோஷம். அவளுக்கு அணிலைத் தெரியவில்லை என்பது அதைவிடப் பெரிய சந்தோஷம். எந்த அணிலடி கொறிக்காமல், சிதறாமல், நகத்தால் கிள்ளின மாதிரி ஒவ்வொரு காம்பாக ஒடிக்கும்? கீழே ஒரு துணுக்காவது கிடந்ததா? அம்பாரோவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோயில் ஞாபகம் வந்தது.

போன வருஷம் நான் விழுந்த அன்றைக்கு நீ லாரி பிடிக்க மலையிறங்கி ஓடினாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நம் சுமைதூக்கி தோன் செலெதோனியோ நாற்காலியோடு என்னை முதுகில் கட்டி, நெற்றிப்பட்டையில் பாரத்தைத் தாங்கித் தூக்கி வந்தார். வழியெல்லாம் நான் அலறினேன். “கத்துங்கம்மா, கத்துங்க, போன மாசம் தூக்கின பன்னி இதைவிட நல்லாக் கத்துச்சு” என்றார். அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. லாரி வரும்வரை ஊர்ச் சின்னக் கோயிலில், சிலுவைக்கு முன்னால் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். திருநாள் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சிலுவையில் மாலையாக ஏதோ தொங்கியது. பழுப்பாக, உருண்டையாக, ஒவ்வொன்றும் கற்றாழை நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. காய்ந்த வெங்காயம் என்று நினைத்தேன். வெங்காயத்தை ஏன் சாமிக்கு மாலை போடுகிறார்கள் என்றுகூட யோசித்தேன், அப்புறம் வலி வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

செலெதோனியோவின் மனைவி எர்லிந்தா அப்போது தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தோல் செருப்புத் துண்டு மாதிரி தடித்த பழுப்பு இதழ்கள், கரண்டி அகலத்துக்கு, நிறையக் கிடந்தன. கூடவே அவிழ்த்துப் போட்ட நூல். “ரெண்டு நாள் முன்னாடி வந்து விழுந்திருக்கக் கூடாதா? இதோட வாசம் நெஞ்சுக்கு அவ்ளோ நல்லதும்மா, பாதி வலி போயிருக்கும்” என்றாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சாம்பிராணிப் புகையும் என் இடுப்பும்தான்.

இப்போது புரிகிறதா? மொட்டாக இருக்கும்போதே பறித்து, விரியாதபடி நூலால் கட்டி, ஈரப் பாசியில் பொதிந்து வைக்கிறார்கள். திருநாளன்று சிலுவைக்கு முன்னால் கட்டை அவிழ்க்கிறார்கள். கட்டு அவிழ்க்காமல் விட்டவைதான் நான் பார்த்த வெங்காயம். “மரத்துல பூக்காது” என்று அவர்கள் சொன்னது சத்தியம். நாம் ஒவ்வொரு முறையும் மரத்தைக் காட்டித்தானே கேட்டோம்? கோயிலில் பூக்குமா என்று எந்தத் தாவரவியல்காரி கேட்பாள்! படித்தவர்கள் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தே வருஷங்களை ஓட்டினோம்.

வியாழக்கிழமையே தெரிந்ததை ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன், நேரம் இல்லாததால் அல்ல. சொல்ல மனசு வரவில்லை. நான் சொல்லி, அவள் போய் வாங்கி, நீங்கள் இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்து அது விரிவதைப் பார்ப்பது என் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது. அடுத்த வருஷம் நானே ஏறலாம், மரத்தை அதற்குள் வெட்டிவிடவா போகிறார்கள் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போனேன். மலை ஏறலாமா என்று கேட்டேன். அவர் என் கைத்தடியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே, “மாடிப்படி ஏறுங்க சென்யோரா, அதுவும் கம்பியப் பிடிச்சுக்கிட்டு” என்றார். கைத்தடியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நேற்று கோயில் விஷயத்தைத் தங்கையிடம் உளறிவிட்டேன். அம்பாரோ சோள மாவுத் தமாலே செய்து கொண்டுவந்து தட்டை முன்னால் தள்ளினாள். “அக்கா, சொல்லிடு. இல்லேன்னா அந்த மரத்தை வெட்டுறவன் கூலிக்காரன் இல்ல, நீதான்” என்றாள். கோபம் வந்தது. தட்டை நகர்த்தி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துத் தின்றேன். பிறகு காகிதம் எடுத்தேன்.

ஆகையால் கேட்டுக்கொள். எர்லிந்தாவிடம் போ. சிலுவையில் இருப்பதைத் தொடாதே, பறித்துவந்த வீட்டுக்காரர்களிடம் கேள். நல்ல மெழுகுவர்த்தி ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போ, வெறுங்கையோடு போய் நிற்காதே. நாற்காலியில் கத்திக்கொண்டு வந்த குண்டம்மாவின் சிநேகிதி என்று சொன்னால் கொடுப்பார்கள். ஒன்று விரிந்ததும் பாதியாக அறுத்து, உள்ளே தெரியும்படி அழுத்தி வை. இதழை அடுக்காக வைக்காதே, கறுத்துவிடும். நிறத்தை உடனே எழுது, காலையில் மாறிவிடும். எந்த மரத்தில் பறித்தது என்பதை அவர்களையே கூட்டிப்போய்க் காட்டச் சொல். இலையும் பூவும் ஒரே மரம் என்று ஆக வேண்டும், இல்லாவிட்டால் தோன் இலாரியோ ஒத்துக்கொள்ள மாட்டார்.

லேபிளில் என் பெயர் வேண்டாம். நான் அங்கே இல்லை. ‘கா. ஓவாந்தோ, நெ. பெச்’ என்று நானே அடிக்கிறேன், இந்தத் தடவை கை தவறாது. தொங்குபடுக்கைக் கிழிசலையும் அவளிடம் சொல்லிவிடு. தடித்த நூலால் தைத்தால் நிற்கும்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும், காசில்தா. கட்டிய மொட்டு ஒன்று. பாசியில் பொதிந்து, அதன்மேல் வாழையிலை சுற்றி, இதே டிரைவர் கையில் கொடுத்தனுப்பு. காய்ந்த பூவை ஆயிரம் தைத்துவிட்டேன், எதிலும் வாசம் மிஞ்சியதில்லை. நம் பூவின் வாசம் எப்படி இருக்கும் என்று உன் கடிதத்தில் படிக்க எனக்கு விருப்பம் இல்லை. அங்கே கட்டை அவிழ்க்கும்போது நீ பாரு, நெரெய்தாவும் பார்க்கட்டும், பொறாமைப்படமாட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் என் மொட்டின் நூலை மட்டும் யாரும் தொடவேண்டாம். என் ஜன்னலோர மேசையில் வைத்து நானே அவிழ்த்துக்கொள்கிறேன்.

வாழையிலைப் பொதியைக் கட்டுகிற முடிச்சு மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும். என் விரல்களுக்கு அது தெரியும்.

பத்திரமாக ஏறி, பத்திரமாக இறங்கி வா. கடவுள் உன் கால்களுக்குப் பலம் கொடுக்கட்டும். அவள் கால்களுக்கும்தான்.

உன்
எவுலாலியா