அழைப்பிதழில் அச்சான படம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், ஸ்டூடியோ ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் வண்ணம் கரைக்கும் டர்பென்டைனைத் தொடுகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே பதில் சொல்லத் தொடங்கிவிடுவாய், அதனால் கூரியரில் கடிதம். முழுதும் படித்துவிட்டு எழுந்திரு.

உன் இருபது வருட ஓவியங்களின் கண்காட்சிக்கு அழைப்பிதழ் நேற்று வந்தது. முகப்பில் அந்தக் குளியலறைப் படம், ஈரத் தரை, கவிழ்ந்த வாளி, கொடியில் துண்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அது நீ வரைந்தது இல்லையம்மா, நீ கல்லூரி விடுதியில் இருந்த வருடம் அக்கா வரைந்தது. தப்பு என்னிடம்தான் தொடங்கியது. கேலரிக்காரர்கள் வேன் கொண்டுவந்து மாடி அறையிலிருந்த பழைய படங்களை எடுத்த அன்று அக்கா வேலைக்குப் போயிருந்தாள். படங்கள் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. பள்ளிக்கூட வேலையில் விடைத்தாள் கட்டுகளுக்குச் சீட்டு ஒட்டிய பழக்கத்தில், ஒன்றையும் திருப்பிப் பார்க்காமல், எல்லாவற்றின் முதுகிலும் உன் பெயரை எழுதி ஒட்டிவிட்டேன். ஆனால் முகப்புக்கு இதைத் தேர்ந்தெடுத்தது நீதான் என்று கேலரி மேனேஜர் போனில் சொன்னார். அக்கா இடதுகைக்காரி, துண்டின் மடிப்புகளில் தூரிகை இழுப்பெல்லாம் உன் இழுப்புக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருப்பது எனக்கே தெரிகிறது. உனக்குத் தெரியவில்லையா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

அக்கா அழைப்பிதழைப் பார்த்துச் சிரித்தாள். “விடுங்கப்பா, என் பேர்ல இருந்திருந்தா மாடியிலேயே கரையான் தின்னிருக்கும். அவ பேர்லயாவது நாலு பேர் பாக்கட்டும்” என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடியும் கழுவினாள். அம்மாவோ, “இப்ப வாயத் திறந்தா சின்னவ மானம் போயிடும், நீங்க சும்மா இருங்க” என்கிறாள்.

ஒரு வருடம் நான் பாடம் நடத்திய ஒன்பதாம் வகுப்பில் நல்ல கட்டுரை ஒன்றைப் பெயர் மாற்றி வாசித்துவிட்டேன். கைதட்டு வாங்கிய பெண் பேசாமல் உட்கார்ந்திருந்தாள், எழுதியவளும் வாய் திறக்கவில்லை. எனக்கு விஷயம் தெரிவதற்குள் ஆண்டுத் தேர்வே முடிந்துவிட்டது. கைதட்டு வாங்கியவள் அதற்குப்பின் உருப்படியாக ஒரு பக்கம் எழுதவில்லை. எதை எழுதினாலும் அந்தக் கட்டுரைக்குக் கீழேதான் நிற்கும் என்ற பயம். அந்தப் பயம் உன் ஸ்டூடியோவுக்குள் வரக்கூடாது.

வெள்ளிக்கிழமை திறப்பு விழாவுக்கு அக்கா வருகிறாள், முடியெல்லாம் வெட்டிக்கொண்டு தயாராக இருக்கிறாள். நான் உனக்கு எழுதியது அவளுக்குத் தெரியாது. அந்தப் படத்தின் முன்னால் அவள் நிற்கும்போது பக்கத்தில் யார் பெயர் இருக்கும் என்பது உன் கையில் இருக்கிறது. கேலரிக்கு நான் எழுதப்போவதில்லை. என் பிழையை நான் திருத்தலாம், உன்னுடையதை நீதான் திருத்த வேண்டும்.

உன் கண்ணும் கையும் நெடுநாள் தெளிவாக இருக்கட்டும். வியாழன் நாலு மணி ரயிலில் அக்கா வந்து இறங்குவாள், ஸ்டேஷனுக்கு டிரைவரை அனுப்பாதே, நீயே போ. அவள் இறங்கியதும் முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல், மற்றதெல்லாம் பிறகு.

உன் மீது மாறாத அன்புடன்,
அப்பா