டவர் இல்லாத வளைவுகள்

சங்கவி அப்பா,

பாப்பாவோடு கரியாலூர் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போகிறேன். உங்கள் காரில் ஏறப் பயமாக இருக்கிறது. குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

போன வாரம் மலை ஏறும்போது என்னைத் திட்டிக்கொண்டே ஓட்டினீர்கள். “கோபமாக இருக்கிறீர்கள், வண்டியை ஓரமாக நிறுத்துங்கள்” என்று காரில் இருக்கும் ஏ.ஐ. குரல் சொல்லிக்கொண்டே வந்தது. வளைவுகள் தொடங்கியதும் அது அடங்கிவிட்டது. “பாத்தியா, எனக்குக் கோவம் கம்மியாயிடுச்சின்னு அதுக்கே தெரிஞ்சிபோச்சி” என்று இன்னும் வேகமாக மிதித்தீர்கள்.

மலைக்கு மேலே செல்போன் டவர் கிடையாதுங்க; டவர் இருந்தால்தான் அந்தக் குரல் வரும். அதனால்தான் அது பேசவில்லை.

கார் சாவி அரிசிப் பானையில் இருக்கிறது. சாப்பிட்டு, கோபம் ஆறிய பிறகு எடுங்கள்.

கலையரசி

பி.கு.: அந்த வளைவுகளில் நானும்தான் பேசவில்லை. சமாதானம் ஆகிவிட்டேன் என்றா நினைத்தீர்கள்? பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன்.