உருகிய லைன்மேன்

அக்கா,

டிசம்பர் வந்தால் இந்த ஊரில் மாவு பொங்காது. அம்மா இன்றும் மாவுப் பாத்திரத்தை உன் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து மூடச் சொன்னாள். மூடி கிறீச்சென்றது. கல்கத்தாவில் ஆயிரம் சத்தம். எனக்குக் காது கூசுவது இந்த ஒன்றுக்குத்தான். ‘உறைநிலையில் வைக்கவும்’ என்ற சீட்டு பாதி கிழிந்து இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குளிரைக் காக்க வந்த பெட்டிக்கு இப்போது சூட்டைக் காக்கும் டியூட்டி. இதைச் சொன்னால் நீ ஒருத்திதான் சிரித்திருப்பாய்.

பெட்டி வந்த அன்று துர்கா பூஜையின் சஷ்டி. பூஜை விடுமுறைக்கு உன் லேபை மூடிவிட்டார்கள். நீயே கூரியர் ஆபீசுக்குப் போய் வாங்கி, காளிகாட் மெட்ரோ கூட்டத்தில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாய். மறுநாள் காலை காவலாளி லேப் கதவைத் திறந்துவிடுவதாக ஏற்பாடு. உள்ளே புகையும் உலர்பனிக்கு, அதாவது டிரை ஐஸுக்கு, நடுவே சுண்டுவிரல் நுனியளவு குப்பி. அதன் அடியில் ஒரு சொட்டுகூட முழுதாக இல்லை.

“இதுக்கா இவ்ளோ பெரிய பெட்டி?”

“மனுஷ உடம்புல இருக்கிற புரதம்டீ. அதோட ஜீனை பாக்டீரியாவுக்குள்ள வெச்சுச் செஞ்சிருக்காங்க. டிஎன்ஏ மேல போய் உக்காந்து, எந்த ஜீன் வேலை செய்யணும்னு சுவிட்சு போடும்.”

“அப்போ லைன்மேன்னு சொல்லு.”

நீ சிரித்தாய். “சரி, லைன்மேன். ஆனா உருகினா செத்துடுவான். பெட்டில கையை வெச்சே, உன்னைக் கொன்னுடுவேன் குரங்கே.”

குரங்கு கையை வைத்தது. நம் தெருப் பந்தலுக்குப் புகை போட ஆர்டர் செய்திருந்த உலர்பனி அன்று வந்து சேரவில்லை. பையன்கள் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார்கள். நீயும் அம்மாவும் வேறு தெருப் பந்தல்களைப் பார்க்கக் கிளம்பியதும், இடுக்கியால் ஒரு துண்டு விடாமல் வாளியில் அள்ளிக்கொண்டு ஓடினேன். வெந்நீர் ஊற்றியதும் துர்கா மேகத்தில் மிதந்தாள். “கீ ரே, என்னடீ இது, எங்கிருந்து பிடித்தாய்?” என்று பந்தல் போட்ட கிளப்பின் காகு மாமா வங்காளியில் கேட்டார். “இமயமலைலேர்ந்து. துர்கா அம்மாவே கூடக் கொண்டு வந்தா” என்றேன். பந்தலே கைதட்டியது.

விடிந்ததும் பந்தல் பையன்களுடைய உலர்பனி வந்து சேர்ந்தது. அதை அள்ளி வந்து, நீ எழுவதற்குள் பெட்டியை நிரப்பிவிட்டேன். குப்பியைத் தூக்கியபோது உள்ளே துளி உருண்டது. அதைப் பார்த்தேன், அக்கா. பார்த்துவிட்டுத்தான் பனிக்குள் அழுத்தினேன். மறுபடி வெள்ளையாக உறைந்தது. நீ வந்து திறந்து, “வெச்சது வெச்ச மாதிரியே இருக்கு பாரு” என்று பெருமைப்பட்டாய். பெட்டியைக் காலியாக விட்டிருந்தால் ஒரே பார்வையில் உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் புத்தி இருந்தது, அதுதான் வினை.

லேபில் நீ அதைப் பத்துக் குட்டிக் குப்பிகளில் பிரித்தாய். ஒவ்வொன்றையும் ஒரு முறைக்கு மேல் உருக்கக் கூடாது என்பதற்காக. டிஎன்ஏவோடு புரதம் ஒட்டினால் சோதனை ஜெல்லில் கோடு மேலே நிற்க வேண்டும். நிற்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து உட்காருவாய். “லைன்மேன் இன்னிக்கும் லீவா?” என்று ஒருமுறை கேட்டேன். நீ உன் வலது உள்ளங்கையையே பார்த்தாய்.

“புரதத்து மேல தப்பில்ல. நானே பத்திரமா கொண்டு வந்தேன். என் கைதான் சரியில்லடீ.”

வாயைத் திறந்தேன். வெளியே வந்தது இன்னொரு ஜோக்.

அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த மழைக்கால டெங்குவில் ஆறே நாளில் நீ போய்விட்டாய். பத்தில் நான்கு குப்பிகள் மிச்சம்.

போன ஞாயிறு உன்னோடு லேபில் இருந்த மிதாலி-தி, அதாவது மிதாலி அக்கா, வந்தாள். அந்த நான்கையும் வைத்து உன் வேலையை முடிக்கப்போகிறாளாம். கட்டுரையில் உன் பெயர்தான் முதலில் வருமாம். அம்மா அவள் தட்டில் மூன்றாவது தோசையைப் போட்டாள். “அவளுக்குத் தன் கை மேலேயே சந்தேகம் மாஷி. என் கையால் ஒரு முறை செய்து பார்க்கிறேன்” என்று அம்மாவிடம் சொன்னாள் மிதாலி-தி.

அப்போதுதான் சொன்னேன். வாளி, வெந்நீர், உருண்ட துளி, எல்லாம். வங்காளியில் சொன்னேன். தமிழில் சொன்னால் உன் முகத்துக்கு நேரே சொல்வது போல இருந்திருக்கும்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். மிதாலி-தி பிட்ட தோசையைக் கீழே வைத்தாள். “அப்படியென்றால் அவள் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அம்மா என்னிடம் பேசுவது மாவைப் பற்றி மட்டும்தான்.

நேற்று மிதாலி-தி ஒரு குப்பியைக் கொடுத்தனுப்பினாள். இனி யாருக்கும் பயன்படாத குப்பி. மூடியில் உன் சிவப்புப் பேனா எழுத்து. இது என்ன எழுத்து, லேபில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை என்று கூடவே ஒரு சீட்டு.

‘லை’ என்று எழுதியிருக்கிறாய், அக்கா. தமிழில்.

என் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடப் படியேறும்போது உள்ளே துளி உருள்கிறது.